வண்டி யார் பேரில் இருக்கிறது

போன் வந்தபோது கிறிஸ்டினா பேக்கிங் பகுதியில் நின்றுகொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அது ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனி. மூடியை அழுத்திப் பார்க்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் அட்டைப்பெட்டிக்குள் அடுக்க வேண்டும், உட்காராவிட்டால் வலது பக்கக் கூடையில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் இதுதான் வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் சூப்பர்வைசர் திலகவதியிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அன்றைக்கு நாஷ்டா முடிந்து அரை மணி கூட ஆகியிருக்காது, திலகவதியே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“மூணு தடவ அடிச்சுட்டாங்க. போலீஸ் ஸ்டேஷனாம். இன்னான்னு கேளு.”

கிறிஸ்டினா கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள்.

“யேசுதாஸ் நம்பரா இது?” என்றது ஒரு ஆண் குரல்.

“ஆமா சார்.”

“நீங்க யாரும்மா?”

“அவரு சம்சாரம்.”

அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் ஹெட்கான்ஸ்டபிள் ஆதிநாராயணன் பேசறேன். மனச கொஞ்சம் திடப்படுத்திக்கம்மா. காலைல ஆறு மணிக்கு புதுவாயல் கூட்ரோடு தாண்டி ஒரு ஆக்சிடென்ட். ட்ரெய்லர் ஒண்ணு இடிச்சுட்டு நிக்காம பூட்டான். உங்க ஊட்டுக்காரரு அங்கயே தவறிட்டாரு. பாடி பொன்னேரி ஜி.எச்.ல இருக்குது. கூட யாரையாவது இட்டுக்கினு வாங்க.”

கிறிஸ்டினா திலகவதியின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் மிஷின் மூடிகளைத் துப்பிக்கொண்டே இருந்தது.

“சார், எங்க ஊட்டுக்காரரு செத்து பதினாலு மாசம் ஆச்சு” என்றாள்.

அந்தப் பக்கம் பேப்பர் புரள்வது மட்டும் கேட்டது.

“டி.என். பதினெட்டு வண்டிம்மா. கறுப்பு கலரு. யேசுதாஸ், தகப்பனார் பேரு அந்தோணி. ஆர்.சி.ல இந்த நம்பர்தான் இருக்குது.”

“வண்டி அவருதுதான் சார். வித்தாச்சு.”

“அப்ப ஜி.எச்.ல படுத்துக்கினு இருக்கறது யாரும்மா?”

யேசுதாஸ் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தான். மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பதினோராவது நாள் போய்விட்டான். அடக்கத்தன்று கிறிஸ்டினாவுக்கு அழுகை வரவில்லை. “அழுதுடு, அழுதுடு” என்று மாமியார் ஞானம்மா அவள் முதுகில் அடித்துப் பார்த்தாள். அதற்கும் வரவில்லை. நாளைக்கு வரும், முப்பதாம் நாள் ஜெபத்தில் வரும் என்று அவளே காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். எட்டாவது படிக்கும் மகள் மெர்சிக்குத் தலை பின்னிவிட்டாள், சோறு வடித்தாள், ஷிப்டுக்குப் போனாள். பேங்கு, பி.எஃப். என்று எல்லாவற்றுக்கும் அவன் நம்பர் கொடுத்திருந்ததால் அவனுடைய சிம்மைத் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் நின்ற அந்த வண்டி மட்டும் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. தண்ணீர் குடத்தோடு அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாற்பது நாள்கூட ஆகவில்லை, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று புதுவாயலில் பழைய வண்டி வாங்கி விற்கும் வெங்கடேசனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஸ்டேஷனுக்கு அவள் தனியாகத்தான் போனாள். ஆதிநாராயணன் ஐம்பதைத் தாண்டிய ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஓனர் பெயர் யேசுதாஸ். அதற்குக் கீழே கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர்.

“கடன் பாக்கியா?”

“இல்ல சார். சாவறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முடிச்சுட்டாரு.”

“முடிச்சா மட்டும் போதாதும்மா. அவங்ககிட்ட நோ அப்ஜெக்‌ஷன் வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுத்து, அவங்க பேர எடுக்கணும். எடுக்காட்டி வண்டி பாதி அவங்களுது மாதிரி. பேரு மாத்த முடியாது.” கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். “வித்ததுக்குப் பேப்பரு?”

“இல்ல.”

“அவரு செத்தப்புறம்தான வித்தீங்க? ஃபாரம் இருபத்தொம்போது, முப்பதுல யாரு கையெழுத்து?”

“அவருது.” கொஞ்சம் நிறுத்தி, “நான் போட்டது” என்றாள்.

ஆதிநாராயணன் கதவுப் பக்கம் பார்த்தார். “அத நீ சொல்லல, நான் கேக்கல” என்றார் மெதுவாக. “நல்லகாலம், இடிச்சவன் ட்ரெய்லர்காரன். இந்தப் பையன் போயி யாரையாச்சும் இடிச்சிருந்தான்னு வையி, கோர்ட்டு சம்மன் உன் ஊட்டுக்கதவுலதான் ஒட்டியிருப்பாங்க.”

செத்தவனிடம் அடையாளம் என்று ஒன்றும் இல்லை. செல்போன் ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் போய் நொறுங்கிவிட்டது. மேஜைமேல் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. வண்டியின் ஹேண்டிலில் மாட்டியிருந்ததாம். அதற்குள் நெளிந்துபோன ஒரு எவர்சில்வர் டப்பா. மூடி கொஞ்சம் திறந்துகொண்டு புளிச்சோற்று வாடை வந்தது.

ஜி.எச். பிணவறையில் அவள் பார்க்க வேண்டியிருந்தது. ஓனர் வீட்டு ஆள் பார்த்து, இவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வேலை நடக்கும் என்றார் ஆதிநாராயணன். துணியை விலக்கினார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. முன்மயிரில் கொஞ்சம் செம்பட்டைச் சாயம். முகத்தில் காயமே இல்லை, காதோரம் மட்டும் ரத்தம் காய்ந்திருந்தது. காலில் கம்பெனி ஷூ, அதன்மேல் சாம்பல் நிறத்தில் இரும்புத்தூள். கிறிஸ்டினா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று தன்னையும் சேர்த்துப் பார்த்தாள். குளிர்ப்பெட்டியின் இரைச்சல்தான் கேட்டது.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். ‘மேற்படி பிரேதம் என் கணவர் யேசுதாஸ் இல்லை. என் கணவர் ஏற்கெனவே இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“நீ ஊட்டுக்குப் போம்மா. ரெண்டு நாள்ல நாங்க கண்டுபுடிச்சிடுவோம்” என்றார் ஆதிநாராயணன்.

அவள் எழுந்து நடந்தாள். பொன்னேரி பஸ் நிறுத்தத்தில் வீட்டுக்குப் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. புளிச்சோறு கிளற வேண்டுமென்றால் காலையில் நான்கு மணிக்காவது எழுந்திருக்க வேண்டும். எழுந்தவள் யாரோ, இந்நேரம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இன்னும் தெரியாது. ரெண்டு நாள் தெரியாமலே இருப்பாள். இதை நினைத்தபோது கிறிஸ்டினாவுக்குத் துக்கம் எதுவும் வந்துவிடவில்லை. ஆனாலும் புதுவாயல் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வெங்கடேசனின் கடை கூட்ரோட்டில் டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் பத்துப் பதினைந்து வண்டிகள் நம்பர் பிளேட்டைத் துடைத்து வரிசையாக நின்றன. அவளைப் பார்த்ததும் அவனுக்கு யார் என்று தெரியவில்லை. சொன்னதும் முகம் மாறியது.

“போலீஸ இட்டாந்தியா?”

“இல்லண்ணா. வண்டிய யாருக்குக் குடுத்தன்னு மட்டும் சொல்லு.”

“அது எப்பவோ போன வண்டி. எனக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?”

“ஓட்டிக்கினு போன பையன் செத்துட்டான். பேரு தெரியாம ஜி.எச்.ல கெடக்கறான்.”

வெங்கடேசன் உட்கார்ந்தான். பிறகு எழுந்து இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். ஆர்.சி., பழைய இன்சூரன்ஸ், அவள் கொடுத்த ஃபாரங்கள், எல்லாம் அப்படியே இருந்தன.

“பேரு மாத்திக் குடுக்கறேன்னுதான எடுத்தாந்த?”

“ஃபைனான்ஸ் பேரு அதுல இருக்குதேம்மா. இங்க இருந்த அவங்க பிராஞ்ச மூடிட்டாங்க. நோ அப்ஜெக்‌ஷனுக்கு மெட்ராஸுக்கு நீதான் போவணும், நான் போனா குடுக்க மாட்டான். உன்னாண்ட வந்து கேக்கலாம்னு இருந்தேன். நீ இருந்த இருப்புல கேக்கத் தோணல. அப்புறம் பார்ட்டி வந்துச்சு, குடுத்துட்டேன். எல்லாரும் இப்படித்தான் ஓட்டறாங்க.”

ஃபாரத்தில் ஒன்பது இடங்களில் யேசுதாஸ் என்று எழுதியிருந்தது. அவனுடைய கையெழுத்தில் கடைசி எழுத்து மேலே ஏறிப் போகும். அதைக்கூட அவள் சரியாகவே போட்டிருந்தாள். போட்டபோது வெங்கடேசன் டீ வாங்கிக் கொடுத்திருந்தான், அதையும் குடித்திருந்தாள்.

“இத நான் எடுத்துக்கறேன்” என்றாள்.

“எடுத்துக்கம்மா. எங்கடையில இருக்கவே வேணாம்.” ஒரு துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தான். “பரத்னு பேரு. பின்னால இரும்பு உருக்கற மில்லு இருக்குது பாரு, அங்க லேபர் சப்ளை பண்றான். அவன்தான் எடுத்தான்.”

மில் கேட்டுக்கு அவள் நடந்தே போனாள். பரத் வெளியே வந்தான். சின்ன வயசுதான், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வண்டி நம்பரைச் சொன்னாள்.

“அது ரகு கைல இருக்குது மேடம். எனக்குக் கார் எடுத்ததும் அவனுக்குக் குடுத்துட்டேன். தெலுங்குப் பையன், தடா பக்கம். தெனமும் அங்கருந்து வண்டியிலதான் வருவான். இன்னிக்கு வரல. ஆப்சென்ட் போட்டுட்டேன். ஏன், இன்னா விஷயம்?”

அவள் சொன்னாள். முன்மயிரில் இருந்த சாயத்தையும் சொன்னாள். பரத் கைவிரலால் மில் சுவரைச் சுரண்டிக்கொண்டே நின்றான்.

“காலைல அவன் போன் சுட்ச் ஆஃப்னு வந்துச்சு. கண்டபடி திட்டி ஒரு மெசேஜ் போட்டேன்” என்றான்.

பிறகு அவனே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிப் பேசினான். பேசி முடித்து, போனில் இன்னொரு நம்பரை எடுத்து அவளிடம் காட்டினான். “அவங்கம்மா நம்பரு. கங்கம்மா. எதுக்கும் இருக்கட்டும்னு குடுத்து வெச்சிருந்தான். மேடம், என்னால முடியாது. நீங்க பேசிடறீங்களா?”

முடியாது என்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமர நிழலுக்குப் போய் நம்பரை அடித்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

“எவுரு?”

“ரகு அம்மாங்களா?”

“ஆமா. நீ யாரும்மா?”

கிறிஸ்டினா வாயைத் திறந்தாள். காலையில் அந்த ஏட்டு சொன்ன மாதிரி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்கலாம். அப்படிச் சொன்னால் அந்த அம்மா அடுத்த வார்த்தை வருவதற்குள்ளேயே செத்துவிடுவாள்.

“என் பேரு கிறிஸ்டினா. ரகு ஓட்டற வண்டி எங்க ஊட்டு வண்டி. அம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“எங்க பெரியவன் இருக்கான். ஏன்?”

“அவர வரச் சொல்லுங்க. நீங்களும் உக்காந்துக்கோங்க.”

“ரகு நைனாக்கு இன்னா ஆச்சு?”

உட்கார்ந்துவிட்டார்களா என்று அவள் இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம் என்ற பிறகு சொன்னாள். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னாள். வலி பட்டிருக்க மாட்டான், முகத்தில் காயமே இல்லை, நானே பார்த்தேன் என்றும் சொன்னாள். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்தது. விழுந்த போனிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. கிறிஸ்டினா அதை நிறுத்தவில்லை. பெரியவன் எடுத்துப் பேசும் வரைக்கும் காதில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள்.

மறுநாள் அவர்கள் ரகுவை வாங்கிக்கொண்டு போனார்கள். கிறிஸ்டினா அங்கே போகவில்லை. ஷிப்டு இருந்தது.

ஆனால் வண்டி ஸ்டேஷனிலேயே நின்றது. ஓனரிடம்தான் ஒப்படைப்பார்கள், ஓனர் செத்துவிட்டான். கேஸுக்கு வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்ததும் ஆதிநாராயணன் கூப்பிட்டார். “அந்தப் பழைய ஃபாரத்த எல்லாம் கிழிச்சுப் போடு. ஒழுங்கா உன் பேருக்கு மாத்திக்க. அப்பத்தான் நான் வண்டிய உட முடியும்” என்றார்.

அவள் லீவு போட்டு மெட்ராஸ் போனாள். ஃபைனான்ஸ் கம்பெனி நான்காவது மாடியில் இருந்தது. அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “இது எப்பவோ குளோஸ் ஆயிடுச்சே, ஏன் வரல?” என்று கேட்டாள். கிறிஸ்டினா இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடன் முடிந்தது என்று முப்பத்தைந்தாம் நம்பர் ஃபாரத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். பி.எஃப்.புக்காக வாங்கிய வாரிசுச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. ஓனர் இறந்தால் வாரிசு பேருக்கு மாற்றும் ஃபாரம் முப்பத்தொன்று. பெயர் மாற்றச் சம்மதம் என்று ஞானம்மா கைநாட்டு வைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மெர்சிதான் கேட்டாள்.

“உடைஞ்சுபோன வண்டிய எதுக்கும்மா உன் பேருக்கு மாத்தற?”

“யார் பேர்லயாவது இருக்கணும் இல்ல.”

ஆர்.டி.ஓ. ஆபீஸில் மூன்று தடவை நின்றாள். இரண்டு மாதம் கழித்துத் தபாலில் கார்டு வந்தது. அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்த இடம் காலி.

வண்டியை இரும்புக்குப் போடுவது என்று முடிவு செய்தாள். டெம்போவுக்குச் சொன்ன பிறகு, ஏனோ கங்கம்மாவுக்குப் போன் பண்ணினாள். “நாளைக்கு வண்டிய எடுத்துக்கினு போறாங்கம்மா. சொல்லணும்னு தோணிச்சு” என்றாள். நாங்கள் வருகிறோம் என்றோ வரவில்லை என்றோ கங்கம்மா சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை சூலூர்பேட்டை ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். தனியாக வந்திருந்தாள். கறுத்த, ஒல்லியான அம்மாள். காதில் ஓட்டை மட்டும் இருந்தது, தோடு இல்லை.

போலீஸ் ஸ்டேஷன் பின்பக்கம் பிடித்து வைத்த மணல் லாரிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் வண்டி கிடந்தது. முன்சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. கங்கம்மா அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் பெட்ரோல் டேங்கைத் துடைத்தாள். மழையில் படிந்த சேறு போய்க் கறுப்புத் தெரிந்தது. அழவில்லை. கிறிஸ்டினாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிற்பது சரியாகப் படவில்லை.

“இந்த வண்டின்னா அவனுக்கு உயிரு” என்றாள் கங்கம்மா. “தெனமும் தொடைப்பான். பேரு மாத்திடுடான்னா, மாத்தறேன் மாத்தறேன்னுவான்.”

“எனக்கும் மாத்தத் தெரியலம்மா.”

“உன் ஊட்டுக்காரன் நல்லா ஓட்டுவானா?”

இப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டார்கள், பி.எஃப். வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

“மெதுவாத்தான் ஓட்டுவாரு” என்றாள் கிறிஸ்டினா. “நாப்பதத் தாண்ட மாட்டாரு. பின்னால வர்றவன் எல்லாம் ஆரன் அடிச்சுக்கினே வருவான். போறவன் போவட்டும், உனுக்கு இன்னா அவசரம்னு என்னத்தான் கேப்பாரு. நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

அதற்கு மேல் சொல்ல இருந்தது, குரல் வரவில்லை. கையை நீட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். கங்கம்மா திரும்பிப் பார்க்காமல் டேங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டெம்போக்காரன் வந்து ஹாரன் அடித்தான். இரண்டு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஏற்றினார்கள். ஆதிநாராயணன் நீட்டிய ரிஜிஸ்தரில், பெற்றுக்கொண்டேன் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். டெம்போ கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பியது.

“மதியத்துக்கு ரயிலு எத்தினி மணிக்கு?” என்றாள் கங்கம்மா.

“ஒரு மணிக்கு மேலதான் இருக்கும். சாப்ட்டுட்டுப் போலாம் வாங்க.”

இரண்டு பேரும் ரோட்டைக் கடக்க நின்றார்கள். துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. கங்கம்மா கிறிஸ்டினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ட்ரெய்லர் போய்த் தூசு அடங்கும் வரைக்கும் அப்படியே நின்று, பிறகு கடந்தார்கள்.